எழுபது வளைவும் ஓர் இரும்புக் கம்பியும்

கொல்லிமலைக்குப் போகவேண்டும் என்பதற்கு 70 காரணங்கள் உண்டு. போகக் கூடாது என்பதற்கும் அதே 70 காரணங்கள்தான்! காரவள்ளி அடிவாரத்திலிருந்து உச்சி வரையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாற்போல் நிற்கும் கொண்டை ஊசி வளைவுகளைத்தான் சொல்கிறேன். வாலிபப் பிள்ளைகளுக்கு அவை விளையாட்டு. என் அம்மாவுக்கோ அவை பன்னிரண்டு வருஷத்துக் கடன்.

என் தம்பி பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு விஷக் காய்ச்சலில் படுத்தான். "பிள்ளை பிழைத்து எழுந்தால் சந்நிதிக்கு வந்து அபிஷேகம் செய்கிறேன்" என்று கொல்லிமலை அறப்பளீசுவரருக்கு அம்மா வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்தான். அம்மாவும் சொன்ன சொல் தவறாமல் பஸ் ஏறினாள். இருபதாவது வளைவில் தலை சுற்றியது; இருபத்திரண்டாவது வளைவில் வயிறு புரண்டது. கண்டக்டரைக் கெஞ்சி இறங்கி, பாறை ஓரமாக உட்கார்ந்து, கீழே போகிற பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டாள். அதற்குப் பிறகு இடுப்பு வலியும் வந்து சேர்ந்தது. "ஈசுவரனுக்கு நான் பாக்கிக்காரி" என்று சொல்லிக்கொண்டே வருஷங்கள் ஓடிவிட்டன.

இந்த வருஷம் தம்பி கார் வாங்கினான். பழைய கார்தான், ஆனால் அவன் அதைப் புதுப் பெண்ணை அலங்கரிப்பதுபோல் அலங்கரித்தான். ஒரு நாள் சாயங்காலம் கையெல்லாம் கிரீஸுடன் வந்து நின்று, "அக்கா! அம்மாவைக் கொல்லிமலைக்குக் கொண்டுபோவது என் பொறுப்பு. வளைவில் வண்டி இனிமேல் சாயவே சாயாது. ஸ்வே பார் மாற்றிவிட்டேன்!" என்றான்.

"அது என்னடா பார்?" என்று கேட்டாள் அம்மா, சந்தேகத்துடன்.

போர்வை பிழிகிற கதை

தம்பி விளக்கினான். காரின் அடியில் இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் இடையே குறுக்காக ஒரு எஃகுக் கம்பி போகிறது. பார்வைக்கு 'ப' எழுத்தைக் கவிழ்த்துப் போட்டாற்போல் இருக்கும். நடுப்பாகத்தை ரப்பர் புஷ் வைத்து வண்டியின் உடம்போடு பிடித்திருப்பார்கள். இரண்டு நுனிகளும் இரண்டு சக்கரங்களின் சஸ்பென்ஷனோடு சிறு இணைப்புகளால் கோக்கப்பட்டிருக்கும். பட்டறைக்காரர்கள் இதை 'ஸ்டெபிலைசர் ராடு' என்கிறார்கள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மாவுக்குத்தான் சட்டென்று புரிந்தது.

"நாம் இரண்டு பேரும் ஈரப் போர்வை பிழிகிற மாதிரி என்று சொல்லு! இரண்டு பேரும் ஒரே பக்கமாகத் திருகினால் போர்வை சும்மா சுற்றும். சொட்டுத் தண்ணீர் வராது. நீ ஒரு பக்கமும் நான் எதிர்ப் பக்கமும் திருகினால்தான் முறுக்கு ஏறும்."

விஷயமே அவ்வளவுதான், வாசகர்களே! வேகத்தடையில் இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறி இறங்கினால் கம்பி சும்மா சுழலும்; தன் குணத்தைக் காட்டாது. வளைவில் வண்டி வெளிப்பக்கம் சாயும்போது ஒரு சக்கரம் மேலே அமுங்கும், இன்னொன்று கீழே இறங்கும். அப்போது கம்பி முறுக்கேறி, "சாயாதே!" என்று வண்டியை இழுத்துப் பிடிக்கும். 1919-ம் வருஷமே கனடா தேசத்து ஸ்டீபன் கோல்மன் என்பவர் இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். இன்றைக்கு வருகிற பெரும்பாலான கார்களில் முன்பக்கத்திலாவது இந்தக் கம்பி தொழிற்சாலையிலேயே பொருத்தி வருகிறது.

என் தம்பி செய்தது என்னவென்றால், தொழிற்சாலைக்காரர்கள் வைத்த கம்பிகளைக் கழற்றிவிட்டுக் கடையில் விற்கிற தடித்த கம்பிகளை மாட்டிவிட்டான். முன்னால் 20 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 22. பின்னால் 16 இருந்த இடத்தில் 20.

"நாலே நாலு மில்லிதான் கூட்டினேன், அக்கா!" என்றான் அப்பாவியாக.

நெடுஞ்சாலையில் ராஜபோகம்

விடியற்காலையில் சென்னையை விட்டுப் புறப்பட்டோம். திண்டிவனம், உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி என்று ஊர்கள் பின்னால் ஓடின. உள்ளதைச் சொல்ல வேண்டும்: நெடுஞ்சாலையில் அந்த வண்டி போன அழகே அழகு! லாரியைக் கடந்து பாதை மாறும்போது மற்றக் கார்கள் படகு மாதிரி ஒரு ஆட்டம் ஆடும். இது ஆடவில்லை. ஸ்டீயரிங்கைத் திருப்பிய மாத்திரத்தில், "உத்தரவு!" என்று சொல்கிற சேவகன் மாதிரித் திரும்பியது. பிளாஸ்கிலிருந்து நான் ஊற்றிய காபி ஒரு சொட்டும் சிந்தவில்லை.

"பார்த்தாயா!" என்றான் தம்பி. அம்மாவும் திருப்தியாகத் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல்தான் அன்றைக்கு அவள் தன் இஷ்டப்படி செய்த கடைசித் தலையாட்டல்.

சேலம் தாண்டியதும், "ராசிபுரம் நெய் நல்ல மணமாக இருக்குமே, வாங்கிக்கொண்டு போவோம்" என்றாள் அம்மா. நெய் வாங்கினோம். வாங்கிய பிறகு தம்பி ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தான். குறுக்கு வழி என்றால் உங்களுக்குத் தெரியுமே! இடது ஓரமெல்லாம் பள்ளம். வலது ஓரம் மாத்திரம் தார். இடது சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அந்தத் தடித்த கம்பி சும்மா இருக்குமா? ஒரு சக்கரம் கீழே, ஒரு சக்கரம் மேலே என்றால் அதற்கு வளைவும் ஒன்றுதான், பள்ளமும் ஒன்றுதான். முறுக்கேறி, இடது பக்கத்து அடியை வலது பக்கத்துக்கும் கொண்டுபோய்க் கொடுத்தது. வண்டியின் உடம்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெடுக்கு வெடுக்கென்று வெட்டியது. பின் ஸீட்டில் அம்மாவின் தலை ஜன்னலுக்கும் என் தோளுக்குமாகப் போய்ப் போய் வந்தது. இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு கண்ணை மூடிவிட்டாள். வலிக்கிறது என்று அவள் சொல்லவில்லை. சொல்லாவிட்டால்தான் எனக்குப் பயம்.

அதற்குள் தூறல் விழுந்தது. சாலை நனைந்து பளபளத்தது. ஒரு திருப்பத்தில் தம்பி நெடுஞ்சாலை உற்சாகத்திலேயே திரும்பினான். முன்புறம் கச்சிதமாகத் திரும்பிவிட்டது. பின்புறமோ, "நான் வரவில்லை, நீ போ" என்று சொல்லிக்கொண்டு ஒரு முழம் வெளியே வழுக்கியது! தம்பி எப்படியோ சமாளித்து நிறுத்தினான். சாலை ஓரத்துப் புளியமரம் எங்களுக்கு வெகு சமீபத்தில் நின்றுகொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. "நெய்ப் பாத்திரம் சரியாக இருக்கிறதா பார்" என்றாள் அம்மா, மெல்லிய குரலில்.

நாமக்கல் மேஸ்திரி

அன்றிரவு நாமக்கல்லில் தங்கினோம். மேலே கூரை இல்லாமல் வெட்டவெளியில் கை கூப்பி நிற்கும் 18 அடி ஆஞ்சநேயரைத் தரிசனம் செய்தோம். "ஊருக்குத் திரும்பிவிடலாமா, அம்மா?" என்று கேட்டேன். அம்மா பதில் சொல்லாமல், மலை இருக்கிற திசையைப் பார்த்தாள்.

லாரிகளுக்குப் பாடி கட்டுவதில் நாமக்கல் பேர்பெற்ற ஊர். சக்கரத்தையும் சுமையையும் பற்றி அந்த ஊர்ப் பட்டறைகளுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. நாங்கள் தங்கிய விடுதிக்காரர் ஒரு பட்டறைக்கு வழி சொன்னார். அங்கே இருந்த மேஸ்திரிக்கு அறுபது வயசு இருக்கும். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, துணியில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"தம்பி, வேலை சுத்தமாத்தானுங்க செஞ்சிருக்கீங்க. ஆனா வண்டிய ஓட்டற ஆளுக்கு மட்டும் பார்த்துச் செஞ்சுட்டீங்க. பின்னால உக்கார்ற அம்மாவுக்குச் செய்யலீங்களே!"

தம்பியின் முகம் சிவந்தது. "நாலு மில்லிதானே கூட்டினேன்?" என்றான்.

மேஸ்திரி ஒரு சாக்கட்டி எடுத்துத் தரையிலேயே கணக்குப் போட்டார். கம்பியின் விறைப்பு அதன் தடிமனைப்போல் நேராக ஏறுவதில்லை. தடிமனை நான்கு தடவை பெருக்கினால் வருகிற கணக்கில் ஏறும். 20 மில்லிமீட்டர் 22 ஆனால், தடிமன் பத்தில் ஒரு பங்கு கூடுகிறது. விறைப்போ ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகிவிடுகிறது. பின்னால் 16-ஐ 20 ஆக்கியதில் விறைப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்கு! "சோத்துக்கு உப்பு ஒரு கல்லு கூடப் போட்டேன்னு நெனச்சீங்க, தம்பி, அது ஒரு கைப்பிடியா விழுந்துருச்சு" என்றார்.

முன்னும் பின்னும் ஒரே அளவில் ஏறாமல், பின்னால் மாத்திரம் அதிகமாக ஏறியதுதான் அந்த வழுக்கலுக்கும் காரணம் என்றார். வளைவில் உள் சக்கரத்திலிருந்து வெளிச் சக்கரத்துக்குப் பாரம் மாறுகிறதே, அந்த மொத்தப் பாரத்தைக் கம்பி குறைப்பதில்லை. அதில் முன் சக்கரங்களுக்கு எவ்வளவு, பின் சக்கரங்களுக்கு எவ்வளவு என்று பங்கு பிரிப்பதே அதன் வேலை. எந்தப் பக்கத்துக் கம்பி விறைப்போ அந்தப் பக்கத்து வெளிச் சக்கரம் அதிகச் சுமையைத் தாங்கவேண்டும். சுமை இரட்டிப்பதால் டயரின் பிடிமானம் இரட்டித்துவிடுவதில்லை. ஆகவே அந்தப் பக்கம்தான் முதலில் பிடி விடும். முன் கம்பி விறைப்பாக இருந்தால் வண்டி திரும்ப மறுத்து நேரே போகப் பார்க்கும். பின் கம்பி விறைப்பாக இருந்தால் வால் வீசும். முன்னதைச் சாதாரண மனிதர்கள் வேகத்தைக் குறைத்துச் சமாளித்துவிடுவார்கள். பின்னதைச் சமாளிக்கப் பயிற்சி வேண்டும்.

"அதுக்கு மேல பின் டயரும் மொழுக்குன்னு இருக்குதுங்க. காத்தும் கணக்குக்கு மேல அடிச்சிருக்கீங்க" என்று முடித்தார்.

"என்ன செய்யலாம், அண்ணா?" என்று கேட்டேன் நான்.

அதிர்ஷ்டவசமாகத் தம்பி வாங்கிய பின் கம்பியின் நுனிகளில் வரிசையாக மூன்று துளைகள் இருந்தன. அவன் இணைப்பை உள் துளையில் மாட்டியிருந்தான். அதுதான் மிகவும் விறைப்பான இடம். நுனியை நோக்கிப் போகப்போகக் கை நீளமாகும், விறைப்பு தளரும். மேஸ்திரி இரண்டு பக்கமும் கடைசித் துளைக்கு மாற்றினார். பின்னால் இரண்டு புது டயர் போட்டார். காரின் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்து, அதில் கண்ட அளவுக்குக் காற்றைக் குறைத்தார். "ஊருக்குப் போயி, கம்பெனிக்காரன் வெச்ச பின் கம்பியையே மாட்டிருங்க. அவன் எல்லாரையும் நெனச்சு அளவு பார்த்து வெச்சதுங்க அது" என்று ஒரு புத்திமதியும் சொன்னார்.

கிளம்பும்போது ஒரு கேள்வி கேட்டேன்: "அப்படியானால் கம்பியே இல்லாமல் இருந்தால் இன்னும் சுகமாக இருக்குமோ?"

இதற்குத் தம்பியே பதில் சொன்னான். பிரெஞ்சு தேசத்தில் சிட்ரோவன் கம்பெனி 1948-ல் '2 சி.வி.' என்று ஒரு கார் வெளியிட்டது. கூடை நிறைய முட்டையுடன் உழுத வயலில் ஓட்டினாலும் ஒரு முட்டைகூட உடையக் கூடாது என்பது அதை உருவாக்கியவர்களுக்குக் கொடுத்த கட்டளையாம். அப்படியே மெத்தென்று செய்தார்கள். பள்ளத்தில் அது ஊஞ்சல். வளைவிலோ பார்ப்பவர்கள் பதறும்படி சாயும். ஒன்றை வாங்கினால் இன்னொன்றைக் கொடுக்கத்தான் வேண்டும்.

"முட்டைக்கு நாமக்கல்லில் என்ன பஞ்சம்? ஒரு தட்டு வாங்கி வைத்துச் சோதித்துப் பார்" என்றாள் அம்மா. புளியமரத்துக்குப் பிறகு அவள் முதல் தடவையாகச் சிரித்தாள்.

ஒன்று, இரண்டு, மூன்று...

மறுநாள் காலை இரண்டே இட்டிலியுடன் அம்மா புறப்பட்டாள். சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி போய்ச் சேர்ந்தோம். அங்கிருந்து பார்த்தால் மலை சுவர் எழுப்பினாற்போல் நிற்கிறது. இதிலே சாலை எங்கே இருக்கிறது என்று தேடவேண்டியிருக்கிறது.

இப்போது அம்மா முன் ஸீட்டில். சாலை முன்னால் திரும்புவதைக் கண் பார்த்துவிட்டால் வயிறு அவ்வளவாக ஏமாறாது. காது ஆட்டத்தை உணர்ந்து, கண் மாத்திரம் ஒன்றும் ஆடவில்லை என்று சொல்லும்போதுதான் குமட்டல் பிறக்கிறது. பின் ஸீட்டில் குனிந்து செல்போன் பார்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஐந்து விநாடிக்கு ஒரு தடவை என்கிற கணக்கில் மெதுவாக வந்து போகும் ஆட்டம்தான் வயிற்றைப் புரட்டுவதில் முதல் பரிசு வாங்கும் என்று ஆராய்ச்சிக்காரர்கள் கண்டிருக்கிறார்கள்.

மலைச் சாலைகளில் இதற்குக் கம்பி ஓரளவுதான் உதவும். சாய்வைத்தான் அது குறைக்கும். வளைவு நம்மைப் பக்கவாட்டில் தள்ளுகிறதே, அந்தத் தள்ளலைக் குறைக்காது. அதைக் குறைக்க வல்லது ஒன்றே ஒன்று: வேகம். ஒரே வளைவை 30 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பாமல் 20-ல் திரும்பினால், தள்ளல் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது! கம்பி பிரமாதமாக இருந்தால் வண்டி சாயாது. சாயாவிட்டால் வேகம் தெரியாது. வேகம் தெரியாவிட்டால் ஓட்டுகிறவர் இன்னும் மிதிப்பார். உட்கார்ந்திருக்கிறவரின் வயிறு மாத்திரம் எல்லாவற்றையும் கணக்கு எழுதிக்கொண்டிருக்கும்.

தம்பி அன்றைக்கு 20-ஐத் தாண்டவில்லை. ஒவ்வொரு வளைவிலும் எத்தனையாவது என்று எண் எழுதியிருக்கிறது. அம்மா பல்லாங்குழி எண்ணுகிற மாதிரி எண்ணிக்கொண்டே வந்தாள். பத்து... பதினைந்து... இருபது. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. இருபத்திரண்டு வந்தது. "நிறுத்து" என்றாள் அம்மா.

தம்பி பயந்துபோய் ஓரமாக நிறுத்தினான். அம்மா கதவைத் திறந்து இறங்கினாள். பாறை அருகில் போய் நின்றாள். கீழே வயல்கள் பச்சைப் பாயும் பழுப்புப் பாயுமாக விரிந்திருந்தன. காற்று சில்லென்று வீசியது.

"என்னம்மா, தலை சுற்றுகிறதா?"

"ஒன்றுமில்லை. அன்றைக்கு இங்கேதான் உட்கார்ந்து அழுதேன். இன்றைக்கு நின்று பார்க்கலாம் என்று தோன்றிற்று" என்றாள். பிறகு தானே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, "இருபத்து மூன்று!" என்றாள்.

எதிரே ஒரு லாரி இறங்கி வந்தது. மேலே ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை என்பது மலைச் சாலை மரியாதை. லாரிக்காரர் ஒதுங்கி நின்று வழிவிட்டார். எழுபதாவது வளைவில் தம்பி ஹாரன் அடித்தான். அம்மா கைதட்டினாள்.

ஓரியின் நாட்டில்

மேலே போனால் அது வேறு உலகம். ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம். சோளக்காட்டில் பலாவும் அன்னாசியும் வாழைத்தாரும் குவித்து விற்கிறார்கள். மரங்களில் மிளகுக் கொடி சுற்றியிருக்கிறது. நிழலில் காப்பிச் செடி. செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை. கடையெழு வள்ளல்களில் ஒருவன் அவன். இந்த மலை அவன் நாடு.

அங்கிருந்து கோவிலுக்குப் போகும் வழியில் ஒட்டுப் போட்ட சாலையும் பள்ளமும் இருந்தன. முந்தின நாளாயிருந்தால் அம்மாவின் இடுப்பு என்ன ஆகியிருக்குமோ! கம்பி தளர்ந்திருந்ததால் பள்ளத்தில் விழுந்த சக்கரம் தன் பாட்டுக்கு விழுந்து தன் பாட்டுக்கு எழுந்தது. வளைவுகளில் வண்டி முன்னைவிடக் கொஞ்சம் சாய்ந்தது வாஸ்தவம்தான். அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

அறப்பளீசுவரர் சந்நிதியில் கூட்டம் இல்லை. ஏர் உழும்போது கொழு பட்டு வெளிப்பட்டவர் என்பது ஸ்தல வரலாறு. அந்தத் தழும்பு இன்னும் லிங்கத்தில் இருப்பதாகச் சொல்கிறார்கள். அம்பலவாணக் கவிராயர் சதகம் பாடியது இந்தச் சுவாமியின் பேரில்தான். அபிஷேகம் நடந்தது. ராசிபுரத்து நெய் விளக்கில் எரிந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் பிழைத்து எழுந்த பிள்ளை, வேஷ்டியில் கிரீஸ் கறையுடன் அம்மாவுக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றான். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காதவள்போல் இருந்துவிட்டேன்.

ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். நானும் தம்பியும் போய் வந்தோம். சுமார் 300 அடி உயரத்திலிருந்து ஐயாறு கொட்டுகிற காட்சிக்கு முழங்கால் வலியைத் தாராளமாகக் காணிக்கை செலுத்தலாம். இறங்குமுகத்தில் தம்பி வண்டியைச் சின்ன கியரிலேயே விட்டு, பிரேக்கைச் சூடாக்காமல் 70 வளைவையும் இறங்கினான்.

உங்கள் வீட்டுக் காருக்கு

வீட்டில் யாராவது இந்தக் கம்பியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சகோதரிகள் சில விஷயங்களை நினைவில் வைத்துக்கொள்ளலாம். பள்ளத்தில் 'டக் டக்' என்று சத்தம் வந்தால் கம்பியை மாற்ற வேண்டியதில்லை. தேய்ந்த ரப்பர் புஷ்ஷையோ இணைப்பையோ மாற்றினால் பல சமயம் போதும். வண்டி துள்ளித் துள்ளிப் போனால் அது ஷாக் அப்சார்பரின் குற்றம், கம்பியால் தீராது. கடைக் கம்பி போட்டே தீரவேண்டுமென்றால், முதலில் நல்ல டயர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பின்புறத்தை மாத்திரம் விறைப்பாக்க விடாதீர்கள். பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றியமைப்பதை 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. ஆகையால் எதையும் மாட்டுவதற்கு முன் போக்குவரத்து அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது உத்தமம். எல்லாவற்றுக்கும் மேலாக, பரீட்சை பார்க்கும்போது வீட்டில் வயசான ஒருவரைப் பின் ஸீட்டில் உட்கார வைத்துப் பாருங்கள். ஓட்டுகிறவருக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டால் எப்போதும் ஒரே பதில்தான் வரும்!

எங்கள் முட்டைத் தட்டு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். முப்பதும் முழுசாகச் சென்னை வந்து சேர்ந்தன. மாடிப்படியில் தம்பி தூக்கிக்கொண்டு ஏறும்போது இரண்டு உடைந்தன. அதற்குக் கம்பி பொறுப்பல்ல.

மேஸ்திரி சொன்னபடி அவன் பழைய பின் கம்பியையே மறுபடி மாட்டிவிட்டான். கழற்றிய தடித்த கம்பியை என்ன செய்வதென்று தெரியாமல் மொட்டை மாடியில் போட்டிருந்தான். போன வாரம் போய்ப் பார்த்தேன். அம்மா அதைத் தொட்டியில் நட்டுப் புடலங்கொடியை ஏற்றிவிட்டிருக்கிறாள். என்ன காற்று அடித்தாலும் கொடி சாயாமல் நிற்கிறது.

"உன் தம்பி கொடுத்த காசு வீண் போகவில்லை" என்றாள் அம்மா.